நிழலுக்குக் கவாத்து

பக்கத்துத் தோட்டத்துப் போஜன் அண்ணனின் சில்வர் ஓக் மரம் துண்டு துண்டாக லாரியில் ஏறி மலை இறங்கிப் போன பிறகும் அதன் நிழல் எங்கள் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. முதலில் பார்த்தது அம்மா. மரம் போய்விட்டதே, இனிமேலாவது துணி காயும் என்று வீட்டில் இருந்த அத்தனையையும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள், சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தால் பாதிக் கொடி காய்ந்திருந்தது, பாதிக் கொடி ஈரமாகவே தொங்கியது, ஈரமான பாதியின் மேல் இலை இலையாக நிழல் ஆடிக்கொண்டிருந்தது.

"மரத்த வெட்டினவங்க நெழல எடுத்துட்டுப் போகலடி," என்றாள். காய்ந்த துணியை மட்டும் மடித்து உள்ளே கொண்டு போனாள்.

நான் மேற்குச் சுவர்மேல் ஏறி அந்தப் பக்கம் பார்த்தேன். அடிக்கட்டை வெள்ளையாக, ஈரமாக, போஜன் அண்ணனின் தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் பார்த்தேன். நிழல் எப்போதும் போலச் சுவரில் இறங்கி, துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, என் செடிகள்வரைக்கும் வந்து நின்றது. எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. அப்பாடா, பழம் தப்பித்தது.

செடி என்றால் புளூபெர்ரிச் செடி. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டித் துடைக்கப் போன பங்களாவின் அம்மையார் பெங்களூருக்கே போய்விட்டபோது, தூக்க முடியாதவை என்று விட்டுப்போன சாமான்களில் தொட்டியோடு அவையும் இருந்தன. எங்கள் லைனில், அதாவது ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிற எஸ்டேட் வீடுகளில், கடைசி வீடு எங்களுடையது என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் மண் உண்டு. அதில் கேரட் வைத்தால் அழுகும், பீன்ஸ் வைத்தால் வெளுக்கும். தேயிலைக்குப் பிடிக்கிற புளித்த மண். புளூபெர்ரிக்கும் அதே மண்தான் வேண்டுமாம். காலையில் வெயில், மத்தியானத்துக்கு மேல் நிழல், வேரைச் சுற்றி நான் சரிவிலிருந்து சாக்கில் வாரிக்கொண்டு வந்து கொட்டுகிற பைன் ஊசி, இவ்வளவுதான் அது கேட்பது. முழு வெயிலில் வைத்தால் சித்திரை பொசுக்கிவிடும். முழு நிழலில் வைத்தால் இலை மட்டும் போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். பாதிப் பாதி வேண்டும். அந்தப் பாதியைக் கொடுத்துக்கொண்டிருந்தது போஜன் அண்ணனின் மரம். கரண்ட் கம்பியில் கிளை உரசுகிறது என்று அவர் மனு போட்டு, அனுமதி வாங்கி வெட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மழை நாளில் எங்கள் வீட்டு ஃபியூஸும் அதனால்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் அந்தச் செடிகள் ஒரு பழம் தரவில்லை. காரணம் அம்மா. அம்மாவுக்குக் கவாத்து வேலை தெரியும், தேயிலையைக் கத்தியால் சீவி மேலே மேஜை மாதிரி மட்டமாக்குகிற வேலை, பெண்களில் அதற்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். அவளுக்குச் செடி என்றால் மட்டமாக இருக்க வேண்டும். ஒரு குச்சி மட்டும் தலையைத் தூக்கினால் அவளுக்குத் தூக்கம் வராது. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் வருஷா வருஷம் புளூபெர்ரியையும் இடுப்பு உயரத்துக்கு மட்டமாகச் சீவிவிட்டாள். புளூபெர்ரி போன வருஷக் குச்சியில்தான் பூ வைக்கும். போன வருஷக் குச்சி எங்கள் அடுப்பில் எரிந்து சோறாகிவிட்டது.

இதை நான் போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்ன அன்று பெரிய சண்டை.

"செடின்னா வெட்டணும்டி. வெட்டாம வளர்த்தா அது காடு."

"இது தேயிலை இல்லம்மா! தேயிலையில இலை வேணும், வெட்டுற. இதுல பழம் வேணும்."

"இருபது வருஷமா வெட்டுறேன், எனக்குச் சொல்ல வந்துட்டா."

"இருபது வருஷமா தேயிலையில ஒரு பழமாவது சாப்பிட்டிருக்கியா நீ?"

அம்மா கத்தியைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். இந்தப் பக்கம் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தாள். ஆனால் கை சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு ரோஜா மட்டமானது. நாசர் பாயின் டீக்கடை முன்னால் இருந்த குரோட்டன்ஸ் மட்டமானது. கோயில் அரளி மட்டமானது, பூவில்லாமல் பூசாரி கத்தினார். ஒரு நாள் தலை வாரிவிடுகிறேன் பேர்வழி என்று என் முடியையும் கழுத்தோடு நேராக நறுக்கிவிட்டாள்.

அந்தச் சண்டையின் முடிவில்தான் ஒப்பந்தம். பள்ளிக்கூடத்தை நான் பிளஸ் ஒன்னோடு விட்டுவிட்டேன். கெமிஸ்ட்ரியில் தோற்றேன், திரும்ப எழுதினாலும் தோற்பேன், அது எனக்கும் வாத்தியாருக்கும் தெரியும், யாரும் பெரிதாக அழவில்லை. அம்மா சொன்னாள், வைகாசிக்குள் இந்தச் செடியில் பழம் வந்தால் இரு, என்னவோ செய், இல்லாவிட்டால் கோதை சித்தியோடு திருப்பூருக்குப் போ. கோதை சித்தி அம்மாவின் தங்கை. அங்கே பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறாள். எனக்குத் திருப்பூர் பிடிக்காது. ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அங்கே காலையில் விழித்ததும் எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர் இருந்தது, சுவருக்கு மேலே வெயில் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

அதனால்தான் நிழல் போகாமல் நின்றதும் நான் சந்தோஷப்பட்டேன். ஊரும் அப்படி ஒன்றும் பதறிவிடவில்லை. போஜன் அண்ணன் (வயது ஐம்பதுக்கு மேல், ஆனாலும் அம்மா, நான், எங்கள் நாய் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்) சுவர் ஓரம் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். மரம் வெட்டுவதற்கு முன்னால் அடியில் ஒரு கற்பூரம் ஏற்றிச் சொல்லிவிட்டு வெட்டுவதுதான் வழக்கம், லாரிக்காரன் அவசரப்படுத்தியதில் மறந்துவிட்டது, அதனால் நிழலுக்கு விஷயம் தெரியாது என்று அவரே சொன்னார்.

"இப்பச் சொல்லிடலாமே அண்ணா," என்றேன், வேண்டுமென்றே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"இப்பப் போயி எப்படிம்மா சொல்றது? சங்கடமா இருக்கு," என்றார். "மரந்தான் என்னோடது. நெழல் எந்தக் காலத்துல என் பக்கம் விழுந்துச்சு? மத்தியானம் ஆனா உங்க பக்கம்தான். வச்சுக்கோங்க."

வைத்துக்கொண்டோம். வெயில் வந்தால் அது வந்தது, மேகம் வந்தால் போனது, காற்றடித்தால் ஆடியது, ஆடும்போது சின்னச் சின்ன இலை நிழல்கள் உதிர்ந்து மண்ணில் உருண்டு, எங்கேயாவது ஒரு கல்லுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. நாசர் பாய் கடையில் கேரம் ஆடுகிறவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள். மரம் இருந்தபோது வராதவர்கள். மரம் இருந்தால் எச்சம் விழும், எறும்பு ஏறும், சுள்ளி விழும், இதில் அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, சுத்தமான நிழல் என்று பாய் பாராட்டினார். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து உட்கார்ந்தார்கள். கொழுந்து மூட்டை தூக்கி வருகிறவர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். மேல் லைனிலிருந்து ஒரு கல்யாணப் பேச்சு இங்கே வந்து முடிந்தது. செடிகளில் வெள்ளை மணி மணியாகப் பூ கவிழ்ந்து தொங்கியது, தேனீ வந்தது, பூ உதிர்ந்து பச்சைக் காய் பிடித்தது. நான் பழைய கொசுவலையைப் போட்டு மூடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். அம்மா தூரத்தில் நின்று கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பார்ப்பாள்.

அப்புறம் கோடை மழை பெய்தது. நிழல் வளர ஆரம்பித்தது.

யோசித்திருக்க வேண்டும். சில்வர் ஓக்கை வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் ஏறிக் கிளை கழிக்காவிட்டால் அது கண்டபடி வளரும். மரத்துக்கே அப்படி என்றால், ஏறுவதற்கு ஒன்றுமே இல்லாத நிழலுக்கு யார் கிளை கழிப்பது? அது தன் பாட்டுக்குத் தழைத்தது. மத்தியானத்துக்கு வர வேண்டியது பத்து மணிக்கே வந்தது, பிறகு விடியும்போதே கிழக்குப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் அடுப்படிக்குள் நுழைந்தது, லைன் வீடுகளின் வாசல்களில் வரிசையாக ஏறியது, ரோட்டைக் கடந்து நாசர் பாய் கடைக்குள் போனது, அவர் பட்டப்பகலில் லைட் போட்டு டீ ஆற்றினார். போஜன் அண்ணனின் தேயிலை துளிர்விடாமல் நின்றது. யார் வீட்டிலும் துணி காயவில்லை. ஈரத்துணி வாடையோடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். என் செடியில் காய்கள் பச்சையாகவே, பட்டாணி மாதிரி, கல் மாதிரி நின்றன. சித்திரை முடிந்தது. வைகாசி வந்தது.

நேற்றுவரை நிழலில் படுத்து உருண்டவர்கள் இப்போது அதைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பாய் சலூனிலிருந்து ஆளுயரக் கண்ணாடியை வாங்கி வந்து வெயிலை உள்ளே அடித்தார். கண்ணாடி அளவுக்கு ஒரு சதுரம் வெளிச்சம் வந்தது, அதில் ஒரு பூனை வந்து படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பூசாரி சுண்ணாம்புத் தூள் தூவினார். வெள்ளைத் தரையில் நிழல் இன்னும் அழகாக விழுந்தது. கரண்ட் ஆபீஸ் லைன்மேன் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய விளக்கைக் கொண்டுவந்து மாட்டிப் போட்டார். போட்டதும் நிழல் இரண்டாகிவிட்டது. "அய்யோ அணைங்க, அணைங்க" என்று எல்லோரும் கத்தி, அணைத்த பிறகுதான் ஒன்றானது. போஜன் அண்ணன் அடிக்கட்டையில் கற்பூரம் ஏற்றி, "மரம் போயிடுச்சு, நீயும் போயிடு சாமி" என்று தாமதமாகச் சொல்லிப் பார்த்தார். நிழல் ஒரு தடவை அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

கோதை சித்தி வந்தது அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம்தான். கையில் எனக்கு ஒரு புது பேக், சிவப்பு ஜிப் வைத்தது. இருட்டிக் கிடந்த அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்தாள்.

"பழம் வந்துச்சாடி?"

"காய் வந்திருக்கு."

"காய்க்கு யாருடி ஒப்பந்தம் போட்டா? பழம்னுதான அக்கா சொன்னா."

"வெயில் பட்டா ரெண்டே நாள்ல பழுத்துடும் சித்தி. அந்த நெழல்தான்."

"ஞாயித்துக்கெழமை மட்டும்தான் எனக்கு லீவு. திங்கக்கெழமை மொத பஸ்ஸு. உன்னக் கூட்டிட்டு வர்றேன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன்டி," என்றாள் சித்தி, கொஞ்சம் மெதுவாக. "நல்ல ரூம்தான். சிமெண்ட் ஷீட்டுக் கூரை. பழகிடும்."

அம்மா பருப்பு கடைந்துகொண்டிருந்தாள், பருப்பு எப்போதோ மசிந்துவிட்டது, இன்னும் கடைந்துகொண்டிருந்தாள். நான் பேக்கில் துணியை அடுக்கினேன். எல்லாமே ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சூரியன் ஏறியதும் நிழல் தோட்டம் பூராவும் பாய் விரித்த மாதிரி விழுந்தது. அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்தாள். கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினாள். நான் ஓடிப்போய்ச் செடிகளுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன்.

"தள்ளுடி. உன் செடிய எவ தொடப்போறா? எனக்குக் கை அரிக்குது," என்றாள்.

குனிந்தாள். தரையில் கிடந்த ஒரு கிளையின் நிழலை இடது கையால் அழுத்திப் பிடித்து, தேயிலைக் குச்சியை வெட்டுவது போலவே சாய்வாக, கீழிருந்து மேலே ஒரு இழுப்பு. கத்தி மண்ணில் உரசிய சத்தம் கேட்டது. கிளை நிழல் தனியாக வந்தது. அதைத் தூக்கி உதறி, பின்னால் போட்டாள். அது இருந்த இடத்தில் வெயில் விழுந்தது, பளீரென்று, பல் விழுந்த வாய் மாதிரி.

"அக்கா!" என்றாள் சித்தி.

"என்ன அக்கா? அந்தக் கயித்த எடுத்துப் போடு."

வெட்டிக்கொண்டே போனாள். ரோடு வரைக்கும் போயிருந்ததை வெட்டினாள், வாசல்களில் ஏறியதை வெட்டினாள், அடுப்படிக்குள் நீட்டியிருந்ததை உள்ளே போய் மண்டிபோட்டு வெட்டினாள், வெட்ட வெட்ட அவள் முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு களை வந்தது. அப்படியே மட்டமாக்கிக்கொண்டே என் செடிகளிடம் வந்துவிட்டாள், வந்து தலையைத் தூக்கி நிற்கிற கடைசிக் கிளை நிழலில் கையை வைத்துவிட்டாள்.

"அம்மா, அதை விடு! மத்தியான வெயிலுக்கு அது வேணும், அது போனா பொசுங்கிடும்!"

கை நின்றது. மட்டமாக இல்லாத ஒரு கிளையை விட்டுவிட்டுப் போவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கத்தியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்தக் கிளையையே பார்த்தாள். நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகி மூக்கு நுனியில் நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சரி. எதை விடணும், எதை எடுக்கணும்? நீ சொல்லு."

சொன்னேன். இது இருக்கட்டும், இது வேண்டாம், இதில் பாதி, அங்கே கொஞ்சம் ஓட்டை போடு, காலை வெயில் அந்த வழியாக வரும். நான் சொல்லச் சொல்ல அம்மா வெட்டினாள். எதிர்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "கோணலா நிக்குதேடி" என்றாள். "நிக்கட்டும்மா" என்றேன். நின்றது.

வெட்டிய நிழல் மலை மாதிரி குவிந்துவிட்டது. எஸ்டேட்டில் கவாத்து முடிந்தால் வெட்டிய குச்சிகளை லைன்காரர்கள் விறகுக்குப் பங்கு போட்டுக்கொள்வார்கள், அதற்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கவாத்துக் கத்தி சத்தம் கேட்டால் கயிறும் சும்மாடுமாகக் கிளம்பி வந்துவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார்கள். வந்து பார்த்து, விறகு இல்லை நிழல் என்று தெரிந்த பிறகும் யாரும் திரும்பிப் போகவில்லை. வந்தது வந்தாயிற்று என்று கட்டினார்கள். நாசர் பாய் ஒரு கட்டு கொண்டுபோய்க் கடை முன்னால் பெஞ்சுக்கு மேல் தொங்கவிட்டார். போஜன் அண்ணன் தன் தேயிலை நாற்றுகளுக்கு இரண்டு கட்டு கேட்டார், கூச்சத்தோடு. ராத்திரி காவலுக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிற புருஷனுக்காக ஒரு அக்கா ஜன்னல் அளவுக்கு வாங்கிப் போனாள். கூரையே இல்லாத பஸ் ஸ்டாப்புக்கு ஒன்று போட்டார்கள். பூசாரி அரளிச் செடியை மறக்கவில்லை, அம்மாவிடம் பேசாமலே ஒரு கட்டு எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் பஸ் போனது. சித்தி போகவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் செய்து வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, சேரை இழுத்துப்போட்டுக் காய்க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். காய் வெளுத்தது. ஒரு பக்கம் சிவந்தது. அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் நீலம், மேலே திருநீறு பூசிய மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு, விரல் பட்டால் அழிகிறது.

முதல் பழத்தை அம்மா வாயில் போட்டேன். மென்றாள். இன்னும் மென்றாள்.

"இதுக்கா இவ்வளவு?"

"நல்லா இல்லையா?"

"நாவப்பழத்துல துவர்ப்பக் கழிச்ச மாதிரி இருக்கு." கையை நீட்டினாள். "இன்னொன்னு குடு, சரியாத் தெரியல."

மொத்தமாகப் பறித்தால் ஒரு சொம்பு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், சின்னச் சொம்பு.

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"பழம் வந்தா இருன்னுதான சொன்ன. எவ்வளவுன்னு சொல்லலையே."

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி சொம்புக்குள் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டார்கள். சிரித்து முடித்துச் சித்தி மூக்கைத் துடைத்தாள், அது சிரிப்பு மாதிரி இல்லை.

"சம்பளத்துக்காக இவளக் கூப்பிடலக்கா," என்றாள். "அந்த ஷீட்டுக்குக் கீழ ஞாயித்துக்கெழமை பூரா ஒத்தையாக் கெடக்குறேன். அனல் இறங்குது. பேச ஆளில்ல. அதான்."

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எழுந்து போய்த் தோட்டத்தில் கடைசியாகக் கிடந்த கட்டைப் பார்த்தேன். நல்ல கட்டு, நடுக்கிளை, இலை அடர்த்தியானது, அடுத்த வருஷத்துக்கு என்று ஒளித்து வைத்திருந்தேன். சிவப்பு ஜிப் பேக்கில் இருந்த என் துணிகளை வெளியே எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, அந்தக் கட்டைச் சுருட்டி உள்ளே வைத்தேன். ஒரு இலை கசங்காமல் போனது. மேலே ஒரு டப்பாவில் பழம்.

பஸ்ஸில் கண்டக்டர் பேக்கை உதைத்துப் பார்த்து, "உள்ள என்னம்மா?" என்றார்.

"நெழல்," என்றாள் சித்தி.

"அதுக்கு லக்கேஜ் இல்ல. மடியில வச்சுக்கங்க, வழியில வைக்காதீங்க," என்று விசில் ஊதினார்.

நான் இங்கேதான் இருக்கிறேன். குச்சி வெட்டி நட்டுப் புதுச் செடி போட்டிருக்கிறேன், கோணல் கிளையின் நிழலில், சிலது பிடித்திருக்கிறது, சிலது செத்துவிட்டது. அம்மா வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தியை எடுக்கிறாள், நான் கையை நீட்டிக் காட்டுகிறேன். திட்டிக்கொண்டேதான் வெட்டுகிறாள்.

சித்தி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்வாள். கூரைக்குக் கீழே அதைக் கட்டியிருக்கிறாளாம், பக்கத்து ரூம் பெண்களும் தலையணையோடு வந்துவிடுகிறார்களாம், இடம் பத்தவில்லையாம். அங்கே வைகாசியில் ஒரு துளி காற்று கிடையாது. போன வாரம் பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"மோனி, அங்க காத்தடிக்குதாடி?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செடிகளின் மேல் கிளை நிழல் எழும்பி எழும்பி ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமா சித்தி. நல்லா அடிக்குது."

"அதான பார்த்தேன்," என்றாள். போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தமும், அதற்குப் பின்னால், ரொம்ப மெல்லிசாக, இலை உரசுகிற சத்தமும் கேட்டது.